ஒருத்திக்கு ஒரு முட்டை

தங்கைக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்கு வயது நாற்பத்து நான்கு, அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. இந்த வயதில் யார் யாரைப் பிரிந்து அழப்போகிறார்கள் என்றுதான் தெரிந்தவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டாள். மாப்பிள்ளையின் வண்டியில் தங்கையின் பெட்டிகளை ஏற்றியபோதுகூட, கனமான பெட்டி அடியில் போகட்டும், மேலே வைத்தால் நசுங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டுதான் நின்றாள்.

அம்மா இறந்தபோது பெரியவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அதற்குப் பிறகு முப்பது வருடம், மூன்றாவது மாடியில் இரண்டே அறை கொண்ட அதே வீட்டில், அக்காவும் தங்கையும் மட்டுமாகவே இருந்தார்கள். நடுவில் ஒரு முறை பெரியவளுக்கு வரன் வந்தது. தங்கச்சியும் கூட வருவாள் என்று இவள் சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தங்கை பல வருடங்கள் கழித்து ஒருநாள் சொல்ல, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பெரியவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குப் பொருத்துகிற பின்னறை அவளுடையது. தங்கை ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கிடைத்தது கண்ணாடிக் கடையில்தான். அவர் மாட்டு டாக்டர். ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில், பால் பண்ணைகள் நிறைந்த ஒரு சின்ன ஊரில் இருந்தார். மனைவியை இழந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஏதோ பயிற்சிக்காக நகரத்துக்கு வந்தவர், காரில் தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டு, உடைந்ததைக் கைக்குட்டையில் மூட்டை கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அவர் காத்திருந்த நேரத்தில், அக்கா மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தங்கை உள்ளே வந்தாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் திருகு ஆடுகிறது என்று வந்தார். திருகு ஆடவில்லை. அதற்கடுத்த வாரமும் வந்தார். கண்ணாடி இல்லாமல் பார்த்தபோதே பிடித்துப்போன மனுஷன், போட்டுக்கொண்டு பார்த்த பிறகு விடுவாரா என்று கடை முதலாளி கேட்டார்.

தயங்கியது தங்கைதான். நான் போய்விட்டால் நீ என்ன செய்வாய் என்று கேட்டுக்கேட்டு ஒரு மாதம் ஓட்டினாள். கடைசியில் ஒருநாள் அக்கா சொன்னாள்:

"எனக்கென்ன குட்டி, நிம்மதியா இருப்பேன். காலங்காத்தால உன் தொணதொணப்பு இல்லாம ஒரு டீ குடிப்பேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. காலையில் டீ உள்ளே போகும்வரை பெரியவளுக்கு வாய் திறக்காது. சின்னவளுக்கோ கண் திறப்பதற்கு முன்னாலேயே வாய் திறந்துவிடும். ராத்திரிச் சமையல் அக்கா, காலைச் சாப்பாடு தங்கை என்பது அந்த வீட்டில் முப்பது வருடக் கணக்கு. தங்கை அடுப்பின் முன்னால் நின்று வாணலியில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றுவாள். ஊற்றிக்கொண்டே, நேற்று பல் பிடுங்க வந்தவர் ஊசியைப் பார்த்ததும் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கே ஓடியதையும், கனவில் வந்த ரயிலையும், மேல்மாடிக்காரர் செருப்புச் சத்தத்தையும் ஒன்றோடொன்று கோத்துக் கதையாகச் சொல்லிக்கொண்டே போவாள். அக்கா மேசையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து, 'ம்' என்பாள். அரை மணி நேரத்துக்கு நான்கைந்து 'ம்'. ஏழு இருபதுக்கு இருவருக்கும் பேருந்து.

தங்கை போன மறுநாள் காலையில், அக்கா டீ போட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அந்தக் குழாய் எத்தனை வருடமாகச் சொட்டுகிறதோ, அன்றுதான் அவள் காதில் விழுந்தது.

சமைக்கத் தெரியாதவள் இல்லை அவள். ஆனாலும் காலையில் அந்த வாணலியை எடுக்க மனம் வரவில்லை. ஒருநாள் எடுத்துப் பார்த்தாள். இரண்டு முட்டைக்கான வாணலி அது. ஒற்றை முட்டை வழுக்கிக்கொண்டு ஓர் ஓரத்துக்குப் போய் ஒண்டிக்கொண்டது. அதைத் தட்டில் போட்டுப் பார்த்தாள். தின்னப் பிடிக்கவில்லை. அதிலிருந்து காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான். கிளம்புகிற வாரத்தில் தங்கை தன் கடைசிச் சம்பளத்தில் வாங்கி வைத்துவிட்டுப் போன மைக்ரோவேவ், பெட்டியிலிருந்து பிரித்த கோலத்திலேயே மேடையில் இருந்தது. அதன் மேல் பழைய நாளிதழ்கள் ஏறின. அதற்குள்ளே ரொட்டிப் பாக்கெட்டை வைத்தாள், எறும்பு வராது என்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை போன் செய்வாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பாள் அக்கா. டாக்டர் எப்படி இருக்கிறார், நன்றாக இருக்கிறார், நீ எப்படி இருக்கிறாய், நன்றாக இருக்கிறேன். பந்து போடுகிற மாதிரி 'நல்லா இருக்கேன்' அங்குமிங்கும் நாலு முறை போய் வரும். அப்புறம் வைத்துவிடுவார்கள்.

இப்படியே நான்கு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை, பத்து நாள் காத்திருந்து வெளியூரிலிருந்து வரவழைத்த கனத்த பவர் லென்ஸ் ஒன்றை அக்கா கெடுத்துவிட்டாள். வலது கண்ணுக்கான லென்ஸை இடது கண் வட்டத்துக்குத் தேய்த்திருந்தாள். இருபத்தாறு வருட வேலையில் நடக்காத தப்பு. கையில் வைத்துப் பார்த்தபோது ஒரு நொடி எது வலது எது இடது என்றே புரியவில்லை. உடம்பு லேசாக வியர்த்திருந்தது. முதலாளி திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். முட்டை என்றாள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அவள் கெட்டுப்போன லென்ஸைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். அவர் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, முன்கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவள் மைக்ரோவேவ் மேலிருந்த நாளிதழ்களை எடுத்துக் கீழே வைத்தாள். ரொட்டியை வெளியே எடுத்தாள். ஒரு கோப்பையில் முட்டையை உடைத்து ஊற்றி, உப்புப் போட்டு, உள்ளே வைத்து, ஒன்றரை நிமிடம் என்று அழுத்தினாள். கோப்பை வெளிச்சத்தில் மெல்லச் சுற்றியது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் ஆவதற்குள் டப்பென்று ஒரு சத்தம். கதவு தானே திறந்துகொண்டது. முட்டை அதன் கூரையிலும் சுவரிலும் கண்ணாடித் தட்டுக்கு அடியிலும் இருந்தது. கோப்பையில் மட்டும் இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே, பாத்தியாடி என்று சொல்லத் திரும்பினாள். அடுக்களை வாசலில் யாரும் இல்லை. மாட்டி வைத்த துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மணி ஆறே முக்கால். கிழமை வெள்ளி.

முதல் மணியிலேயே தங்கை எடுத்தாள்.

"அக்கா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. முட்டை வெடிச்சிடுச்சு."

தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். மஞ்சள் கருவைக் குத்தினாயா என்று கேட்டாள். குத்த வேண்டுமா என்றாள் அக்கா. மஞ்சள் கருவின் மேல் மெல்லிய தோல் இருக்கிறதே, உள்ளே ஆவி கட்டிக்கொண்டால் வேறென்ன செய்யும் என்று தங்கை விளக்கினாள். இன்னொரு முட்டையை எடுக்கச் சொன்னாள். கோப்பையில் முதலில் எண்ணெய் தடவ வேண்டும். முட்டையை ஒரு கரண்டிப் பாலோடு நன்றாக அடிக்க வேண்டும். அரை நிமிடம் வைத்து, எடுத்துக் கலக்கி, மறுபடி அரை நிமிடம்.

"கொஞ்சம் ஈரமா இருக்கும்போதே எடுத்துடு. வேகலையேன்னு இன்னொரு தடவ வச்சிடாத. ஒரு நிமிஷம் மூடி வச்சா, அந்தச் சூட்டுலயே வெந்துடும்."

அக்கா சொன்னபடியே செய்தாள். முட்டை கோப்பைக்குள் மெத்தென்று எழும்பி, பிறகு அமிழ்ந்தது. மிளகுத்தூளைத் தூவிக் கரண்டியால் எடுத்து வாயில் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

"நீ வாணலியிலதானே போடுவ. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"இங்க நானும் இதுலதான் போட்டுக்கிறேன். ஒரு ஆளுக்கு எதுக்கு வாணலி?"

"ஒரு ஆளா? டாக்டர்?"

தங்கை விஷயத்தைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பண்ணைகளில் விடியற்காலையில் பால் கறக்கிற நேரத்தில்தான் மாடுகளைப் பார்க்க முடியும். அவர் நாலரைக்குக் கிளம்பிப் போனால் பத்து மணிக்குத்தான் வருவார். பண்ணையிலேயே ரொட்டியும் பாலும் கொடுத்துவிடுவார்கள். எனவே காலையில் அவள் மட்டும்தான்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். இந்த நான்கு மாதமும், தங்கை ஒரு மேசையில் எதிரே ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பு அவளைக் குத்தியிருக்கிறது. அதே நினைப்புதான் தாங்கியும் பிடித்திருக்கிறது. இப்போது இரண்டும் இல்லை. அன்று ஏழு இருபது பேருந்து போய்விட்டது. யாரும் போனை வைக்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்கத் தினமும் ஆறே முக்காலுக்குப் பேசினார்கள். நன்றாகத்தான் தொடங்கியது. ஆனால் போனில் 'ம்' என்று சொன்னால் போதவில்லை. மேசையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அக்காவின் மௌனமும் ஓர் ஆளாக அங்கே இருந்தது. போனில் அது வெறும் இடைவெளியாகப் போயிற்று. கதை நடுவில் தங்கை நிறுத்தி, "இருக்கியா?" என்று கேட்பாள். "இருக்கேன்" என்பாள் அக்கா. அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் அவளுக்கு வலித்தது. ஐந்து மணி நேரத்துக்கு அப்பால் ஒரு கோப்பையில் கரண்டி இடிக்கிற சத்தம் கேட்கும். அது கேட்ட பிறகு தன் கோப்பையைத் தொடப் பிடிக்காது.

சனிக்கிழமை அரை நாள் விடுப்புக் கேட்டாள். தங்கையின் கல்யாண நாளைத் தவிர்த்தால், ஆறு வருடத்தில் அவள் கேட்ட முதல் விடுப்பு. முதலாளி முழு நாளாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். பேருந்தில் ஐந்து மணி நேரமும் அவள் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் வார்த்தையாக்கிக்கொள்ளவில்லை. ஆனால் தங்கையின் அலமாரித் தட்டுகளை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறோம் என்று இரண்டு தடவை நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் பேருந்து நிறுத்தத்துக்கே வண்டியோடு வந்திருந்தார். வண்டிக்குள் மருந்தும் வைக்கோலும் கலந்த வாடை. அவர் அவளைவிட நான்கு வயது பெரியவர். இருந்தும் வாய் நிறைய "அக்கா" என்றார். பயணம் சௌகரியமாக இருந்ததா என்று மூன்று முறை கேட்டார். பேச வேறொன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாட்டுக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. நாலரைக்கே அவர் போய்விட்டார். அக்கா எழுந்து வந்தபோது தங்கை அடுக்களையில் நின்றிருந்தாள். அக்காவின் முன்னால் டீயை வைத்தாள். ஒரு பெரிய கிண்ணத்தில் இரண்டு முட்டையை உடைத்து அடித்து மைக்ரோவேவில் வைத்தாள். வைத்துக்கொண்டே, டாக்டரின் பூட்ஸை ஒரு கன்றுக்குட்டி மென்ற கதையைத் தொடங்கினாள். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ம்" என்றாள். தங்கை "இருக்கியா?" என்று கேட்கவில்லை.

முட்டை சரியாக வரவில்லை. ஓரமெல்லாம் ரப்பராகிவிட்டது, நடுவில் பச்சையாகவே இருந்தது. கலக்கி மறுபடி வைத்தாள்; ஓரம் செருப்பாயிற்று. ஒரு ஆளுக்குத்தான் இதில் சரியாக வரும் என்று சொல்லி, இரண்டு கோப்பைகளை எடுத்துத் தனித்தனியாக வைத்தாள். முதலாவதை அக்காவிடம் நீட்டி, ஆறிவிடும் சாப்பிடு என்றாள். உன்னுடையதும் வரட்டும் என்றாள் அக்கா. இரண்டாவது வந்தபோது முதலாவது ஆறிப்போயிருந்தது.

"குட்டி, உன் வீட்டுல வாணலி இல்லையா?"

தங்கை கீழ் அலமாரியைத் திறந்தாள். வாணலிகள் இருந்தன. பெரியது, சின்னது, மூடி போட்டது என்று வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்றாக, நடுநடுவே பழைய துணி விரித்து அடுக்கியிருந்தது. முதல் மனைவி வைத்துவிட்டுப் போன அடுக்கு. அப்படியே இருந்தது.

"அவர் தொடாதன்னு சொன்னாரா?"

"சொல்லல. நானும் கேக்கல."

"அப்ப நாலு மாசமா இங்க விருந்தாளியாவா இருக்க?"

தங்கை மேசைத் துணியின் நூலை இழுத்துக்கொண்டே, வேறெங்கோ பார்த்து, காலையில் அந்த வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது என்றாள். பேச வாய் வருகிறது, யாரிடம் பேசுவது என்றாள். அவர் தங்கமான மனுஷன், அவர் மேல் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் சில நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று இருக்கிறது என்றாள்.

பேருந்தில் ஐந்து மணி நேரம் அக்கா காதில் கேட்டுக்கொண்டு வந்த பேச்சு அதுதான். வந்துவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மத்தியானப் பேருந்தில் இரண்டு சீட்டு எடுத்துவிடலாம். அவள் டீயைக் குடித்து முடித்தாள். எழுந்து, அலமாரியின் முன்னால் குனிந்து, நடுவிலிருந்த வாணலியை எடுத்தாள். அது நல்ல கனமாக இருந்தது. குழாயடியில் வைத்து ஒன்பது வருடத் தூசியைத் தேய்த்துக் கழுவினாள். இந்த வாணலியைக் கழுவி அடுப்பில் ஏற்றினால் இவள் இங்கேயே வேர் பிடித்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தேய்த்து முடித்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தாள்.

வழக்கமாகப் பத்து மணிக்கு வருகிற டாக்டர் அன்று விருந்தாளி இருக்கிறாள் என்று எட்டரைக்கே வந்துவிட்டார். அடுக்களை வாசலில் அப்படியே நின்றார். அடுப்பில் வாணலி இருந்தது. அதில் மூன்று முட்டைகள் இருந்தன. தங்கை கரண்டியைக் கையில் பிடித்தபடி முட்டையைத் திருப்பாமல் நின்றாள். அவர் வாணலியைப் பார்த்தார். முட்டையின் ஓரம் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அது கொஞ்சம் அடி பிடிக்கும். எண்ணெய் தாராளமா ஊத்தணும்னு சொல்லுவா" என்றார் அவர். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். தட்டு வந்ததும், புதியவளுக்கு மைக்ரோவேவ்தான் வசதி என்று தான் நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். அந்த அலமாரியைத் திறக்க ஒன்பது வருடமாகத் தனக்கும் தைரியம் வரவில்லை, யாராவது திறக்க மாட்டார்களா என்று இருந்தது என்றும் சொன்னார். முட்டை முழுவதையும் தின்றுவிட்டு, தட்டில் ஒட்டியிருந்ததையும் ரொட்டியால் துடைத்துத் தின்றார். தங்கை கன்றுக்குட்டிக் கதையை முதலிலிருந்து சொன்னாள். கன்றுக்குட்டியை நேரில் பார்த்தவர் அவர்தான். இருந்தும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டார். 'ம்' என்று நிறுத்தாமல், அப்புறம் அப்புறம் என்றார்.

மத்தியானம் பேருந்து நிறுத்தத்தில் தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் இங்கேயே வந்துடேன்க்கா. இங்கயும் கண்ணு தெரியாதவங்க இருக்காங்க."

"மாட்டுக்குக் கண்ணாடி போடச் சொல்வாரு உங்க ஆளு" என்று சொல்லிவிட்டு அக்கா பேருந்தில் ஏறினாள். சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் அழுது முடித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அதற்குப் பிறகு தங்கை நாலு மணிக்கே எழ ஆரம்பித்தாள், அவர் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேருமாகச் சாப்பிட. ஆறே முக்காலுக்கு வந்த போன் குறைந்து, பழையபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று. டாக்டரின் அறையில் மருந்துக் கணக்கு எழுதுகிற வேலையைத் தங்கையே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவள் குரல் மாறியிருந்தது. கேட்க நன்றாக இருந்தது. மாதம் ஒரு முறை அக்கா போய் வந்தாள். மற்ற நாட்களில் கோப்பையில் ஒரு முட்டை, ஒரு கரண்டிப் பால், கொஞ்சம் வெங்காயம். அரை நிமிடம், கலக்கி மறுபடி அரை நிமிடம். வெந்து அடங்குகிற அந்த ஒரு நிமிடத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மேசையில் உட்கார்ந்து எதிர் நாற்காலியைப் பார்ப்பாள். நாளாக நாளாகப் பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். முட்டை பழகிவிட்டது. லென்ஸிலும் அதற்குப் பிறகு தப்பு வரவில்லை. ஏழு மணிக்குக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். கதவைப் பூட்டும்போது மட்டும், உள்ளே யாரோ இன்னும் கிளம்பாமல் இருப்பது போல, சாவியைத் திருப்பாமல் கொஞ்சம் நிற்பாள். பிறகு பேருந்துக்கு நேரமாகிவிடும்.